செவிலியர் ஏன் கடல் கடக்கிறார்கள்? தீட்டின் வரலாறும் விசாவின் வரலாறும்

வெளிநாடு போகும் நர்சுகளைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. 'இங்கே படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்கும் ஷேக்குக்கும் சேவை செய்யப் போகிறார்கள், பணத்தாசை' என்பது ஒன்று. 'உலகம் முழுக்க நம் சகோதரிகளின் கைகள்தான் நோயாளிகளைத் தாங்குகின்றன' என்ற பெருமிதம் மற்றொன்று. இரண்டும் ஒரே கேள்வியைத்தான் தவிர்க்கின்றன: மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ படித்து, இரவும் பகலும் வார்டில் நின்று, உயிரைக் காக்கும் ஒரு தொழிலாளிக்கு இந்த நாட்டில் ஏன் கட்டட மேஸ்திரிக்குக் கிடைக்கும் கூலிகூடக் கிடைக்கவில்லை?

'சந்தை' என்று பொருளாதாரப் பாடநூல் பதில் சொல்லும். ஆளும் அதிகம், கல்லூரியும் அதிகம், அதனால் கூலி குறைவு என்பார்கள். ஆனால் 7,000 நர்சுகள் மட்டுமே இருந்த காலத்திலும் இந்தத் தொழிலுக்கு மதிப்பில்லை. எனவே விடை வேறெங்கோ இருக்கிறது. சமூகப் பணியில் இருக்கும் நாங்கள், குடியிருப்புகளில் நர்சிங் படிக்கும் பெண்களோடும் படித்து முடித்து ஏஜென்டுகளிடம் அலையும் பெண்களோடும் பேசும்போது, இந்தக் கேள்வியை வரலாற்றிடம் கேட்காமல் தீராது என்றே உணர்கிறோம்.

தீட்டைத் தொட்ட கைகள்

மருத்துவம் என்பது இரண்டு வேலை. நோயைக் கண்டறிந்து மருந்து சொல்வது ஒன்று. நோயாளியைத் தொடுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, மலத்தையும் சலத்தையும் அகற்றுவது, சீழையும் இரத்தத்தையும் கழுவுவது மற்றொன்று. சாதிச் சமூகம் இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் ஒருபோதும் கொடுத்ததில்லை. முதல் வேலைக்குச் சாஸ்திரமும் மரியாதையும் இருந்தன. இரண்டாவது வேலைக்குத் தீட்டு இருந்தது.

பிரசவத்தைப் பாருங்கள். தமிழகத்தின் ஊர்களில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர் சமூகத்துப் பெண்கள். அவர்களை 'மருத்துவச்சி' என்று அழைத்த அதே ஊர், அந்தச் சமூகத்தை 'அம்பட்டர்' என்று இழிவாகவும் அழைத்தது. பல பகுதிகளில் தொப்புள்கொடி அறுத்தவர்களும், நஞ்சுக்கொடியைப் புதைத்தவர்களும், பிரசவத் துணியை வெளுத்தவர்களும் தாழ்த்தப்பட்ட சமூகங்களின் பெண்களே. வட இந்தியாவில் 'தாய்' என்று அழைக்கப்பட்ட பேறுகாலப் பணிப்பெண்களில் கணிசமானோர் சமார் போன்ற தலித் சமூகங்களிலிருந்து வந்தார்கள். ஆதிக்கச் சாதி வீட்டுக் குழந்தையை முதலில் தொட்ட கை அவர்களுடையது. பதினோரு நாள் கழித்துத் தீட்டுக் கழித்ததும் அந்தக் கை வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும்.

இதற்கு எதிரான மரபும் நம்மிடம் உண்டு. 1897இல் புனே பகுதியைப் பிளேக் தாக்கியபோது, சாவித்ரிபாய் பூலேயும் மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்தும் நோயாளிகளுக்கென்று சிகிச்சையிடம் நடத்தினார்கள். மகர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுவனைச் சாவித்ரிபாய் தானே தூக்கி வந்தார். அந்த நோய் தொற்றி அந்த ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார். அவரை முதல் ஆசிரியை என்று கொண்டாடும் நாம், நோயாளியைத் தொட்டதால் உயிர் நீத்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொடுவதற்கு மறுத்த சமூகத்தில் தொடுவதுதான் அரசியல்.

டாக்டர் பல்பு ஏன் மைசூர் போனார்?

'சுகாதாரப் பணியாளர்கள் ஏன் நாட்டைவிட்டுப் போகிறார்கள்' என்று கேட்பவர்களிடம் நாம் திரும்பச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. பத்மநாபன் பல்பு 1863இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், ஈழவர். கேரளத்தில் ஈழவர்கள் இன்று பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். அன்றைய திருவிதாங்கூரிலோ அவர்கள் தீண்டாமைக்கு உட்பட்ட அவர்ணர்கள். திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டத்தோடு திரும்பினார். அப்போதும் சொந்த சமஸ்தானம் அவருக்கு மருத்துவ வேலை தரவில்லை, காரணம் சாதி. அவர் மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். பெங்களூரில் பிளேக் பரவியபோது அங்கே முன்னின்று பணியாற்றினார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்று வந்தார்.

பல்பு போனதை 'மூளை வெளியேற்றம்' என்று யாராவது சொல்வார்களா? அது வெளியேற்றம்தான், ஆனால் வெளியேற்றியது யார்? திருவிதாங்கூர் மக்களுக்கு ஒரு மருத்துவர் கிடைக்காமல் போனதற்குக் காரணம் பல்புவின் ஆசையா, சமஸ்தானத்தின் சாதியா? 1896இல் அவர் 13,176 பேரின் கையெழுத்தோடு மன்னருக்கு ஈழவர் மகஜர் கொடுத்தார். அவர் நின்று போராடியதும் உண்மை, வெளியே போய்ப் பிழைத்ததும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

நம் மக்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1843இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்த பிறகும் தஞ்சையிலும் தென்னார்க்காட்டிலும் பண்ணையாள் முறை நீடித்தது. அந்தக் காலத்தில்தான் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், மொரிஷியசுக்கும், மலாயாவுக்கும் ஆயிரக்கணக்கான தலித்துகள் கப்பலேறினார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அங்கே காத்திருந்தது இன்னொரு கொத்தடிமைத்தனம். ஆனாலும் போனார்கள், ஏனென்றால் பண்ணையாரின் சாட்டைக்கு எதிராக அவர்களிடமிருந்த ஆயுதங்களில் ஒன்று, அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது. தான் இங்கே தீண்டத்தகாதவன் என்ற நினைவையே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த ஐந்து ஆண்டுகள் தன் மனத்திலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று அண்ணல் அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கடல் கடந்து போவது நம் மக்களுக்குப் பணக் கணக்கு மட்டுமாக எப்போதும் இருந்ததில்லை.

மிஷன் மருத்துவமனையின் வாசல்

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை தொடங்கியது 1844இல். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய பயிற்சிப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. தொடக்ககால மாணவிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பெண்கள். ஆதிக்கச் சாதி இந்துக் குடும்பங்களும் உயர்குடி முஸ்லிம் குடும்பங்களும் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொட வேண்டும், இரவில் வேலை பார்க்க வேண்டும், பிற சாதியாரின் மலத்தை எடுக்க வேண்டும். தீட்டும் 'ஒழுக்கமும்' ஒரே கதவின் இரண்டு தாழ்ப்பாள்கள்.

அந்தக் கதவைக் கிறித்தவ மிஷன்கள் வேறு பக்கத்திலிருந்து திறந்தன. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை 1838இல் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரி ஆனது. மிஷன் விடுதிகளில் வளர்ந்த பெண்கள், இளம் விதவைகள், ஆதரவற்றோர், ஏழைக் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள் என்று, சமூகம் ஒதுக்கி வைத்தவர்களில் இருந்துதான் இந்தியச் செவிலியரின் முதல் தலைமுறைகளில் பெரும்பகுதி உருவானது. அவர்களில் தலித் கிறித்தவப் பெண்களும் இருந்தார்கள். வெள்ளைச் சீருடையும், மாதச் சம்பளமும், 'சிஸ்டர்' என்ற விளியும் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களின் பாட்டிகளை ஊர் எப்படி விளித்தது என்று நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்லின் எடை புரியும்.

மரியாதை மருத்துவமனைச் சுவருக்குள் நின்றது. வெளியே நர்சு என்றால் திருமணச் சந்தையில் ஏளனம்தான். 1946இல் வெளியான போர் குழு அறிக்கை கொடுத்த கணக்கைப் பாருங்கள்: பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் சுமார் 47,500 மருத்துவர்கள், 7,000 செவிலியர்கள். அதாவது 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு செவிலியர். வழக்கமாக ஒரு மருத்துவருக்குப் பல செவிலியர்கள் வேண்டும். இங்கே ஒரு செவிலியருக்கு ஏறக்குறைய ஏழு மருத்துவர்கள் இருந்தார்கள்! எழுதிக் கொடுக்கும் வேலைக்கு ஆள் கிடைத்தது, தொடும் வேலைக்குக் கிடைக்கவில்லை. வறுமை மட்டும் காரணமென்றால் மருத்துவர்களும் இருந்திருக்க மாட்டார்கள். தலைகீழாக நின்ற அந்த விகிதத்துக்குள் சாதியின் கை இருக்கிறது.

ஆள் குறைவாக இருந்தால் கூலி கூட வேண்டுமே? கூடவில்லை. பராமரிப்பு வேலை பெண்ணின் 'இயல்பு', செவிலியர் பணி 'தியாகம்', 'சேவை' என்று பெயர் சூட்டியாயிற்று. தொண்டுக்கு யாராவது ஊதிய உயர்வு கேட்பார்களா?

கதவைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள்

விசாவின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. 1960களில் மேற்கு ஜெர்மனியின் மருத்துவமனைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளத்தின் ஏழைக் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தித் தொழில் தகுதி உள்ளவர்களுக்கு வழிவிட்டது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடா நாடுகள் மருத்துவமனைகளைக் கட்டின, அந்த வார்டுகளுக்கும் நர்சுகள் தேவைப்பட்டார்கள். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இந்தியாவிலிருந்து ஆளெடுத்தது.

அதே ஏட்டின் மறுபக்கத்தையும் வாசிக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பொருளாதாரம் தளர்ந்ததும், ஜெர்மனி பல மலையாளி நர்சுகளின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2006இல் பிரிட்டன், ஆள் பற்றாக்குறைப் பணிகளின் பட்டியலிலிருந்து பொதுச் செவிலியரை நீக்கியது. 2022 பிப்ரவரியில் அதே பிரிட்டன் முதியோர் பராமரிப்புப் பணிக்கு விசாவைத் திறந்தது. 2024 மார்ச்சில் அந்தப் பணியாளர்கள் கணவனையும் பிள்ளையையும் அழைத்து வரக்கூடாது என்றது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் அந்த வழியையே மூடிவிட்டது. இடைப்பட்ட காலத்தில், விசாவுக்கென்று ஏஜென்டிடம் இலட்சங்களைக் கொட்டி அங்கே போய், வேலையே இல்லாமல் நின்றவர்களும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை, உலகில் 59 இலட்சம் செவிலியர்கள் குறைவு என்றது. எட்டில் ஒரு செவிலியர் தான் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறார் என்றும் சொன்னது. பணக்கார நாடுகளில் முதியோர் பெருகுகிறார்கள். அவர்களைத் துடைத்துப் படுக்க வைக்கும் வேலையைத் தங்கள் பிள்ளைகள் செய்வதை அந்தச் சமூகங்களும் விரும்பவில்லை. நம் ஊரில் சாதி செய்த பிரிவினையை அங்கே இனமும் குடியுரிமையும் செய்கின்றன. இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும் என்கிறோமே தவிர, போகக் கூடாது என்று சொல்லவில்லை.

7,700 ரூபாய்

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். 2012இல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 2015இல் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தார்கள். தேர்வு எழுதி, தரவரிசையில் வந்து, அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தார்கள். அது நடக்காததால் 2017 நவம்பர் கடைசியில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் கூடி, கைக்குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார்கள். போராட்டத்தைக் கைவிடச் சொன்னது உயர் நீதிமன்றம். தொகுப்பூதியம் பின்னர் 14,000 ஆனது. ஒரே வார்டில், ஒரே ஷிப்டில், ஒரே வேலை பார்க்கும் நிரந்தரச் செவிலியரின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் அதுவும் ஒரு துண்டுதான்.

பிறகு கொரோனா வந்தது. கவச உடைக்குள் வியர்வையில் நனைந்தவர்களுக்குக் கைதட்டச் சொன்னார்கள், விளக்கேற்றச் சொன்னார்கள், வானிலிருந்து பூத் தூவினார்கள். அந்தக் காலத்தில் அவசரமாக எடுத்த ஒப்பந்தச் செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31 அன்று 'பணி முடிந்தது' என்று தமிழ்நாடு அரசு சொன்னது. 2023 புத்தாண்டை அவர்கள் போராட்டப் பந்தலில் தொடங்கினார்கள். அ.தி.மு.க. ஆட்சியில் ஒரு காட்சி, தி.மு.க. ஆட்சியில் மறு காட்சி. எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் 'தற்காலிகம்' என்ற சொல் மட்டும் நிரந்தரமாக இருக்கிறது.

தனியார் மருத்துவமனைகளில் நிலைமை இதைவிட மோசம். 2011–12இல் மும்பை, டெல்லி, கேரளம் என்று நர்சுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கட்டாய பாண்டில் வேலை வாங்கும் முறை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் கீழுள்ள தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரள நர்சுகள் தெருவில் நின்று போராடியதால் 2018 ஏப்ரலில் அங்கே 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு வந்தது. நாங்கள் பார்க்கும் மாவட்ட நகரங்களின் நர்சிங் ஹோம்களில் அந்தத் தொகை இன்றும் கனவுதான். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோலைச் சொன்னால், இரவுப் பணியில் ஒரு வார்டு முழுக்கத் தனியாகப் பார்க்கும் பெண்கள் சிரிக்கிறார்கள்.

கல்விக் கடன் ஒரு பக்கம், வட்டிக்கு வாங்கிய பணம் ஒரு பக்கம், சம்பளம் ஐந்திலக்கத்தைத் தொடவே திணறல். 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே 46 இந்திய நர்சுகள் சிக்கினார்கள். உயிர் தப்பி வந்த அவர்களில் சிலர் பத்திரிகையாளர்களிடம் சொன்னது நாட்டையே திகைக்க வைத்தது: திரும்பி வருவதற்கும் பயமாக இருந்தது, கடனை எப்படிக் கட்டுவது என்று. துப்பாக்கியும் கடனும் தராசின் இரண்டு தட்டில் சமமாக நிற்கும் நாட்டில், 'ஏன் போகிறாய்' என்று அவர்களைக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

போக முடிகிறவர்கள் யார்?

பொது விவாதத்தில் விடுபடும் பகுதி இது. 'இந்திய நர்சுகள் போகிறார்கள்' என்றால் எல்லோரும் போகவில்லை. போவதற்கே முதலீடு வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் பட்டம், பெரிய மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம், ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்ச்சி, வளைகுடாவுக்கு உரிமத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, அதற்கெல்லாம் பயிற்சிக் கட்டணம். அரை ஏக்கர் ரப்பர் தோட்டத்தையோ நகையையோ அடகு வைக்கக்கூடிய குடும்பம் இதைத் தாண்டிவிடும். ஏற்கெனவே போன அக்கா ஒருத்தி அங்கே இருந்தால் இன்னும் எளிது. நிலமும் இல்லாமல், முன்னே போனவரும் இல்லாமல், தமிழ் வழியில் படித்து வந்த நிலமற்ற கூலியின் மகளுக்கு இந்த ஏணியின் முதல் படியே உயரம்.

தலித் பெண்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது ஏஎன்எம், டிஜிஎன்எம், அல்லது ஏதோ ஒரு தனியார் நிறுவனம் கொடுக்கும் 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழ். கடைசியாகச் சொன்னதை வைத்துப் பதிவு செய்யவே முடியாது என்பது கட்டணம் கட்டி முடித்த பிறகே பலருக்குத் தெரிகிறது. அரசாணை 92 இருந்தும் உதவித்தொகை தாமதமாக வருவதால், 'முதலில் கட்டு, வந்ததும் தருகிறோம்' என்று கேட்கும் கல்லூரிகள் எத்தனை என்பது இதை வாசிக்கும் மாணவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

தலித் கிறித்தவப் பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். இந்தத் தொழிலை நாட்டில் கட்டியெழுப்பியதில் அவர்களின் பாட்டிகளுக்குப் பங்குண்டு. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவர்களுக்கு இன்றும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அரசுச் செவிலியர் பணிக்கு அவர்கள் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் வர முடியாது, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தங்களைவிடப் பல மடங்கு வலுவானவர்களோடு போட்டியிட வேண்டும். கல்லறையில்கூடத் தனியிடம் ஒதுக்கும் ஊர், இடஒதுக்கீட்டில் மட்டும் 'உனக்குச் சாதி இல்லை' என்கிறது. தனியார் மருத்துவமனையிலோ இடஒதுக்கீடே கிடையாது. அங்கே நம் மக்கள் நிறைந்திருப்பது துடைப்பமும் வாளியும் பிடிக்கும் ஒப்பந்த வேலையில்.

ஆக, நர்சுகள் போவதால் நம் ஊர் மருத்துவமனைகளில் ஏற்படும் பள்ளத்தின் வலியைத் தாங்குவது யார்? தனியாருக்குப் போக வசதியில்லாமல் அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் நம் மக்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டி வெளியே போகும் வாய்ப்பும் நமக்கே மிகக் குறைவு. இரண்டு பக்கமும் இழப்பு நம்முடையது. இதனால்தான் இது நம் பிரச்சினை.

கடல் தாண்டினால் சாதி போய்விடுமா?

பாதி போகிறது என்றுதான் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நோயாளி நர்சின் தெருப் பெயரைக் கேட்பதில்லை. பெயர்ப் பலகையில் 'ரெஜிஸ்டர்ட் நர்ஸ்' என்றிருப்பதே போதும். அனுப்பும் பணத்தில் குடியிருப்பில் மாடி வீடு எழும்புகிறது, தம்பி பொறியியல் படிக்கிறான். ஆண்டைவீட்டு வாசலில் நின்ற குடும்பம் நிற்க வேண்டியதில்லை. இதைச் சிறுமைப்படுத்த நாங்கள் தயாராக இல்லை.

ஆனால் சக இந்தியர்கள் கூடும் இடமெல்லாம் சாதியும் பாஸ்போர்ட்டோடு வந்து சேர்கிறது. விடுதி அறை பகிர்வதில், சங்கங்களில், திருமணத்தில் 'எந்த ஊர், எந்தப் பக்கம்' என்ற விசாரணை தொடர்கிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. 2013இல் நாடாளுமன்றம் சேர்க்கச் சொன்னது. ஆதிக்கச் சாதி அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2018இல் அரசு பின்வாங்கியது. ஆனாலும் பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கில், சாதிப் பாகுபாடு இனப் பாகுபாட்டுக்குள் அடங்கக்கூடும் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த ஆண்டு அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. போன இடத்திலும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை.

நாம் என்ன செய்வது?

முதலில், போகிறவர்களைக் குற்றவாளி ஆக்குவதை நிறுத்துவோம். ஐ.ஐ.டி.யில் மக்கள் பணத்தில் படித்துவிட்டுக் கலிபோர்னியா போகிறவரை 'உலக மேதை' என்று மாலை போடும் ஊடகம், கடன் வாங்கி நர்சிங் படித்துக் குவைத் போகும் பெண்ணிடம் மட்டும் தேசபக்தி கேட்கிறது. இந்த வேறுபாட்டுக்குள்ளும் சாதியும் பாலினமும் இருக்கின்றன.

இரண்டாவது, கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒப்பந்தச் செவிலியருக்குச் சம வேலைக்குச் சம ஊதியமும் பணி நிரந்தரமும். 2016 குழுவின் ஊதியப் பரிந்துரைக்குத் தமிழ்நாட்டில் சட்ட வடிவம். உதவித்தொகை கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளுக்கு முன்பே. தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி. அரசு நர்சிங் கல்லூரிகளில் தமிழ் வழி மாணவிகளுக்கு முதல் ஆண்டிலிருந்தே இலவச ஆங்கிலப் பயிற்சி. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் கோரிக்கையையும் இதோடு சேர்த்தே வைக்க வேண்டும். நர்சின் சீருடைக்கும் தூய்மைப் பணியாளரின் சீருடைக்கும் நடுவே கோடு போட்டுத்தான் இருவரையும் மலிவாக வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, போக முடிவெடுத்த தங்கைகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. தனியார் ஏஜென்டிடம் போகுமுன் அங்கே கேளுங்கள். வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு நர்சுகளை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015இல் ஒன்றிய அரசு விதித்ததற்குக் காரணம் உண்டு. 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 இலட்சம் வாங்கிய கொச்சி நிறுவனத்தின் மீது அந்த ஆண்டு சி.பி.ஐ. வழக்குப் போட்டது. முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. இன்று அது 30,000 ரூபாயும் அதற்கான வரியும். அதற்கு மேல் யார் கேட்டாலும் இரசீது கேளுங்கள், இரசீது தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஒப்பந்தத்தை இங்கேயே, உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'நர்ஸ்' என்று சொல்லிப் 'பராமரிப்பாளர்' விசா கொடுக்கிறார்களா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. கிளம்பும் முன் ஊரில் உள்ள அமைப்பிடம் பயண விவரத்தையும் ஒப்பந்த நகலையும் கொடுத்து வையுங்கள்.

போகாமல் இங்கேயே நிற்கப் போகிறவர்கள் சங்கத்தில் சேருங்கள். கேரளத்தில் 20,000 ரூபாய் வந்தது யாருடைய கருணையாலும் அல்ல. அங்கே இரண்டு நர்சுகளில் ஒருத்தி விமான நிலையத்துக்கும் மற்றொருத்தி போராட்டப் பந்தலுக்கும் போனார்கள். வெளியே போக வழி இருந்ததால்தான் உள்ளே இருந்தவர்களின் பேரத்துக்கும் வலு வந்தது. பல்பு மைசூரில் இருந்துகொண்டே திருவிதாங்கூர் மன்னருக்கு மகஜர் அனுப்பியதை மறக்க வேண்டாம். போகிறவர்களையும் இருக்கிறவர்களையும் எதிரெதிரே நிறுத்துவது முதலாளிகளுக்கும் அரசுக்கும்தான் வசதி. இருவரையும் ஒரே சங்கத்தில், ஒரே கோரிக்கையில் நிறுத்துவது நம் வேலை.

ஜெய்பீம்.